மதுரைச் சுவர்களில் ஓவியம் தேடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக் கண்ணகி நகரில் போய் இறங்கினால் போதும், குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு முகங்கள் நிற்கும். அரை நாள் சுற்றினால் பார்த்து முடித்துவிடலாம். மதுரையில் அப்படி ஒரே இடத்தில் கிடைக்காது. ‘மதுரை சுவர் ஓவியம்’ என்று கூகுளில் தேடினால் கோயில் படம் கொஞ்சம் வரும், வீட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தருபவர்களின் விளம்பரம் நிறைய வரும். அதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

ராணி மங்கம்மாளை வரைந்த கோயில் விதானத்திலிருந்து (விதானம் என்றால் கூரையின் உட்புறம்) போன வாரம் எழுதிய கட்சிச் சுவர் வரை எல்லாமே இங்கே இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். தேடுவதற்கு ஒரு கேள்வி போதும்: இது யாருடைய சுவர்? சொந்தக்காரர் யார், காசு கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டால் அங்கே என்ன படம் இருக்கும், எத்தனை நாள் தாங்கும், எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும், போட்டோ எடுக்க விடுவார்களா என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

படி 1: சுவர்களை இனம் பிரித்துக்கொள்ளுங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்ணம் கண்ட சுவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது கோயிலும் அரண்மனையும். நாயக்கர் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, விதான ஓவியம், சுண்ணாம்புக் காரையில் உருவம் செய்யும் சுதை வேலை எல்லாம் இதில் வரும். இரண்டாவது மலை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுகைகளும் பாறை ஓவியங்களும் இருக்கின்றன. மூன்றாவது ஊர்ச்சாமிகள்: அய்யனார், கருப்பு, முனீஸ்வரன். நான்காவது அரசுச் சுவர்: பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மாநகராட்சி அலுவலகம், ரயில் நிலையம். ஐந்தாவது தெரு. கட்சி, கடை, மன்றம், கல்யாணம், சாவு எல்லாம் இதில் அடக்கம்.

இதில் எதுவும் ‘ஸ்ட்ரீட் ஆர்ட்’ என்று தன்னை அழைத்துக்கொள்வதில்லை. வரைகிறவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஆர்ட்டிஸ்ட் என்பார்கள், பெயின்டர் என்பார்கள், சுதை வேலை செய்கிறவரை ஸ்தபதி என்பார்கள். விசாரிக்கும்போது இந்தச் சொற்களைப் பயன்படுத்தினால்தான் வழி கிடைக்கும்.

படி 2: கையில் என்ன எடுத்துக்கொள்வது

தண்ணீர், தொப்பி, நல்ல செருப்பு. மலை ஏறுகிற அன்றைக்கு மட்டும் ஷூ. அப்புறம் இரண்டு பொருள்கள், இவற்றை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. விதான ஓவியங்களை அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை வயிற்றுக்கு நேரே படுக்கையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் மேலே உள்ளது கையில் தெரியும். பிம்பம் இடம் வலமாக மாறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, சின்னப் பைனாகுலர். மேல் வரிசையில் உள்ள முகங்களும் படத்தின் கீழே எழுதியிருக்கும் குட்டி எழுத்துகளும் வெறுங்கண்ணுக்குச் சிக்காது.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வேண்டும். செல்போன் அனுமதிக்காத இடத்தில்தான் ஊரின் முக்கியமான ஓவியங்கள் இருக்கின்றன.

படி 3: மீனாட்சி கோயிலில் தொடங்குங்கள்

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்துவிட்டது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஓவியம் பார்ப்பதற்கு இது நல்லதே என்பது என் கட்சி. கையில் செல்போன் இருந்தால் எடுப்போம், பார்க்க மாட்டோம்.

விடியற்காலைக் கூட்டம் அடங்கி, மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்துவதற்கு முன்னால் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள பிராகாரத்துக்குப் போங்கள். குளத்துத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரில் விழும். அந்தச் சுவர்கள் திருவிளையாடல் ஓவியங்களுக்குப் பேர்போனவை. சிவன் மதுரையில் ஆடியதாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்கள்தான் இந்த ஊர் ஓவியர்களுக்குப் பாடத்திட்டம். கல்யானை கரும்பு தின்றது, நரி பரியானது, பிட்டுக்கு மண் சுமந்தது, தருமிக்குப் பொற்கிழி கிடைத்தது என்று நாலைந்து கதைகளையாவது முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். கதை தெரியாமல் போனால் எல்லாம் ராஜா ராணிப் படமாகத்தான் தெரியும். கதை தெரிந்தால் முதுகில் பிரம்படி வாங்குகிறவரைச் சட்டென்று கண்டுபிடித்து, ‘அட, இது வந்தி கதை’ என்று நின்றுவிடுவீர்கள். பல தலைமுறைகளில் பல கைகள் இந்தச் சுவர்களைப் பூசியும் அழித்தும் திரும்ப வரைந்தும் இருக்கின்றன. அதனால் எல்லாம் ஒரே காலத்தது என்று நினைத்துவிடக் கூடாது. தென்புறச் சுவரில் 1330 குறளும் பளிங்கில் வெட்டிப் பதித்திருக்கிறது.

அங்கிருந்து மேற்குப் பக்கம் ஊஞ்சல் மண்டபம். இங்கேதான் கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும். விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் இருக்கிறது. அதையொட்டி ராணி மங்கம்மாளும் வரையப்பட்டிருக்கிறார். பேரன் விஜயரங்க சொக்கநாதன் சிறுவனாக இருந்ததால், 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவன் சார்பில் நாட்டை ஆண்டவர் அவர். ஆண்ட ஒருவரின் உருவத்தைத் தெய்வத்தின் கல்யாணத்துக்குப் பக்கத்திலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். ‘இது யாருடைய சுவர்’ என்ற நம் கேள்விக்கு இதைவிட நேரடியான பதிலை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. காசு கொடுத்தவர் படத்துக்குள்ளேயே வந்து நிற்கும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்றைய பிளெக்ஸ் பேனரில் உபயதாரர் படம் தலைவர் படத்துக்குக் கீழே வருகிறதே, அந்தப் பழக்கத்துக்கு வயது குறைந்தது முந்நூறு.

நாயக்கர் பாணியை இங்கேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். பின்னால் அழகர் கோயிலிலும் ராமநாதபுரத்திலும் உதவும். பொதுவாகப் பின்னணி செங்காவிச் சிவப்பு. படம் பட்டை பட்டையாக ஓடும், பட்டைக்குக் கீழே ஒரு வரியில் விளக்கம் எழுதியிருக்கும். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் பெரிதாக இருக்கும். ஒரே ஆள் ஒரே பட்டையில் மூன்று நான்கு தடவை வருவார், கதை நகர்கிறது என்று அர்த்தம். இடையில் மரமோ தூணோ வந்தால் காட்சி மாறிவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு காய்ந்த பிறகு அதன்மேல் வரைந்தவை இவை. ஈரம் இறங்கினால் நிறம் பொருக்குப் பொருக்காக உதிரும். விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தூண் ஓரங்களிலும் கை எட்டும் உயரத்திலும் நிறம் போய்க் கிடப்பதற்குக் காரணம் மழை மட்டும் கிடையாது.

வெளியே வந்ததும் கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சுதைச் சிற்பங்களின் வண்ணம் குடமுழுக்குத் திருப்பணியின்போது புதுப்பிக்கப்படுவது. 2009 ஏப்ரல் குடமுழுக்குக்குப் பின் தொடங்கிய திருப்பணி நடக்கும் காலமானால் சாரம் கட்டியிருக்கலாம். சாரம் கட்டிய கோபுரம் போட்டோவுக்கு அழகில்லை, ஆனால் கம்பி மேல் உட்கார்ந்து ஒருவர் யாளியின் பல்லுக்கு வெள்ளை அடிப்பதை அப்போது மட்டும்தான் பார்க்க முடியும்.

அப்படியே தென்கிழக்கே நடந்தால் திருமலை நாயக்கர் மகால். 1636ல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். 1860களில் கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் சொல்லி, வண்ணமும் அப்போது பெருமளவு புதுப்பிக்கப்பட்டது. விதானத்துப் பூவேலைகளைப் பாருங்கள், வளைவுகளின் விளிம்பில் ஓடும் சுதை வேலையைப் பாருங்கள். தூண்களின் கீழ்ப்பாகத்தில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள் இருக்கும். அதுவும் ஊர்க்காரர்களின் கைவண்ணம்தான். திட்டிவிட்டு நகருங்கள்.

படி 4: வீதிகளில் நடங்கள், ஓவியரின் கையெழுத்தைப் பிடியுங்கள்

மதுரையின் அமைப்பு நடக்கிறவனுக்குச் சாதகமானது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வீதிகள். ஒவ்வொரு சுற்றிலும் சுவரின் குணம் மாறும். சித்திரை வீதியில் கடைகளும் போர்டுகளும். மாசி வீதிகளின் உள்சந்துகளில் பழைய காரை வீடுகள், வாசல் நிலைக்கு மேல் கஜலட்சுமி, பக்கத்தில் கிளியோ மயிலோ சுதையில். வெளி வீதி பழைய கோட்டை மதில் இருந்த தடம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து வீதியாக்கினார்கள். இங்கே நீளமான காம்பவுண்டுச் சுவர்கள் அதிகம், அதனால் எழுத்தும் அதிகம்.

காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நடப்பதுதான் உத்தமம். கடைகள் திறக்காததால் ஷட்டர்கள் இறங்கியிருக்கும், ஷட்டரில் வரைந்த படங்கள் அப்போதுதான் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் பைக்குகள் வந்து சுவரை மறைத்துவிடும். மார்கழியில் போகிறவர்களுக்குத் தரையிலும் ஓவியம் கிடைக்கும். வாசல் நிறைக்கும் கோலத்தைப் பார்க்க ஏழு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும், அதற்குள் பால்காரர் சைக்கிள் இரண்டு தடவை குறுக்கே போயிருக்கும்.

என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? கையால் எழுதிய கடைப் பெயர்களை முதலில் பாருங்கள். பிளெக்ஸ் வந்த பிறகு இவை அருகிக்கொண்டே வருகின்றன. சலூன், சைக்கிள் கடை, மாவு மில், லாரி பட்டறை, இங்கெல்லாம் இன்னும் மிச்சம் இருக்கிறது. எழுத்துக்கு நிழல் வைத்திருக்கிறாரா, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ‘ழ’வின் வாலை எவ்வளவு தூரம் இழுத்திருக்கிறார் என்று கவனித்தால் சீக்கிரமே ஒருவரின் கையை இன்னொருவர் கையிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம். புதிதாகக் கட்டும் வீடுகளில் தொங்கும் திருஷ்டிப் படங்களையும் பூசணிக்காய் முகங்களையும் விடாதீர்கள். பிதுங்கிய கண், கோரைப்பல், மேல்நோக்கி முறுக்கிய மீசை. அதில் ஒவ்வொரு ஆர்ட்டிஸ்டும் தன் மனசுக்கு விளையாடியிருப்பார், கேட்க ஆள் இல்லை.

அப்புறம் மூத்திரச் சந்துகள். சிரிக்க வேண்டாம். சுவரை நனைக்காமல் இருக்க, பிள்ளையார், சிலுவை, மெக்கா மூன்றையும் வரிசையாக வரைந்தோ டைல்ஸாகப் பதித்தோ வைத்திருப்பார்கள். மும்மதமும் தோளோடு தோள் நின்று ஒரே வேலையைச் செய்கிற இடம் அது.

நடையின் முக்கியமான தந்திரம் இனிதான். சுவர்ப் படம் எதுவானாலும் அதன் கீழ் மூலையைப் பாருங்கள், பெரும்பாலும் வலது மூலை. ஓவியரின் பெயர், பின்னால் ‘ஆர்ட்ஸ்’, அதற்கடியில் ஒரு செல் நம்பர். அதுதான் உங்களுக்கு வரைபடம். அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, ‘அண்ணே, உங்க படம் இங்க பார்த்தேன், நல்லா இருக்கு. வேற எங்கெல்லாம் வரைஞ்சிருக்கீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கூகுள் தராத பட்டியல் ஒன்று கிடைக்கும். வேலை கொடுக்கப்போகிறீர்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது, பார்க்கத்தான் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. மூலையில் நம்பர் இல்லையென்றால் எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள். ஒரு டீ சொல்லி, குடித்து முடித்த பிறகு கேளுங்கள். ‘அந்தப் படமா, போன எலெக்சன்லயே அழிச்சுட்டாய்ங்க தம்பி’ என்ற பதிலும் வரலாம். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: கட்சிச் சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதை ஓவியம் என்று எடுத்துக்கொள்ளாதவர்கள் பாதி மதுரையை இழக்கிறார்கள். தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே சுவர் பிடிப்பது ஆரம்பித்துவிடும். முதலில் வெள்ளை அடிப்பார்கள். அதன்மேல் கட்சிப் பெயரும், எந்த வருடம் வரை ரிசர்வ் என்பதும் வரும். ரிசர்வ் எழுதிய சுவரில் இன்னொரு கட்சி கை வைப்பதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம். வைத்தால் சண்டை வரும்.

எழுதும் முறை பார்க்கத் தகுந்தது. இரண்டு பேர் நூலைச் சுவரின் குறுக்கே இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். மேல்கோடு, கீழ்கோடு. இடையில் கரிக்கட்டியால் எழுத்தின் எலும்பை மட்டும் போடுவார்கள். பட்டையான பிரஷ் வைத்திருப்பவர் பின்னால் வந்து சதை வைப்பார். வெளிக்கோடும் நிழலும் கடைசியில். ‘உதயசூரியன்’ என்று எழுத எத்தனை அடி வேண்டும் என்பது அவர்களுக்குக் கைக்கணக்கு. சுவர் முடிவதற்குள் எழுத்து முடிந்துவிடும், நெருக்கிப் பிடித்த மாதிரி தெரியாது.

பழைய சுவர்களில் வெள்ளை பெயர்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள். அடியில் முந்தைய தேர்தல், அதற்கும் அடியில் இன்னொன்று. இரட்டை இலையின் ஒரு இலைக்குள் சூரியனின் கதிர் ஒன்று எட்டிப் பார்க்கும், இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லாத வேட்பாளரின் பாதிப் பெயர் தெரியும். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் இந்தப் பெயர்ப்புகள் நன்றாகத் தெரியும்.

சட்டம் ஒரு வார்த்தை. பொது இடங்களைச் சுவரொட்டியாலும் எழுத்தாலும் பாழாக்குவதைத் தடுக்க 1959லிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் அதிகாரிகள் வெள்ளை வாளியோடு கிளம்பிவிடுவார்கள். ஆகவே கட்சிச் சுவர் பார்க்க விரும்பினால் அறிவிப்புக்கு முந்தைய மாதங்களில் போங்கள்.

சுவரொட்டிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மதுரை போஸ்டர் வாசகங்கள் ஓவியத்தைவிட இலக்கியத்தில் சேர்த்தி.

படி 6: அரசுச் சுவர்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: தண்ணீரைச் சேமிப்போம், மரம் வளர்ப்போம், தாவணி கட்டிய பெண் குடத்தோடு நிற்கிறாள், பின்னால் ஜல்லிக்கட்டுக் காளை. அரசுப் பள்ளிகளின் உள்சுவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஓவிய ஆசிரியர் ஆர்வமுள்ளவராக இருந்தால் வராண்டா முழுக்கப் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். பள்ளி நேரத்தில் தலைமையாசிரியர் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

மதுரை ரயில் நிலையம் 2018ல் நிலையங்களை அழகுபடுத்தும் தேசியப் போட்டியில் மதுபனியோடு சேர்ந்து இரண்டாம் பரிசு வாங்கியது. அந்தச் சுவர்களை நம்பி இப்போது போக வேண்டாம். அதன் பின் நிலையத்தையே மாற்றிக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. அரசுச் சுவரின் ஆயுள் அடுத்த டெண்டர் வரைதான்.

படி 7: ஊர்ச்சாமிகளிடம் போங்கள்

என்னைக் கேட்டால் இன்றைக்கு உயிரோடு இருக்கிற சுவர்க்கலை இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள். தாமரைக் குளம், ஆலமரம், குதிரைகள், காவல்காரர்கள். ஒரே பயணத்தில் மலை மேலுள்ள செட்டிப்புடவு குகையையும் பேச்சிப்பள்ளத்தையும் பார்த்துவிடலாம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழ் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளும் இருக்கின்றன. மேலே ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கண் மூடி உட்கார்ந்திருக்கும் கல் உருவங்கள், கீழே எனாமல் பெயின்ட்டில் கண் உருட்டும் காவல்காரர்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பது நல்லது.

ஊர்ச்சாமி கோயில்களுக்கு வண்ணம் அடிப்பது திருவிழாவை ஒட்டித்தான். மதுரைக்கு மேற்கேயும் உசிலம்பட்டிப் பக்கமும் மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்கள் நிரம்பி வழியும். அதற்கு ஒரு வாரம் முன்னால் போனால் பெயின்ட் ஈரம் காயாமல் இருக்கும், வேலை செய்கிறவரையும் பார்க்கலாம். கருப்பசாமியின் மீசைக்கு எவ்வளவு கறுப்பு, முண்டாசுக்கு என்ன சிவப்பு என்பதில் பங்காளிகளுக்குள் விவாதமே நடக்கும். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் வெளியாட்களை விடுவதில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

இங்கே போட்டோவுக்கு முன்னால் பூசாரியிடம் கேட்பது கட்டாயம். ‘சாமி, படம் எடுத்துக்கலாமா?’ என்றால் போதும். சில கோயில்களில் பெண்கள் போகக்கூடாத எல்லை ஒன்று இருக்கும், சிலவற்றில் செருப்பு கழற்றும் இடம் நாம் நினைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இருக்கும். முன்னால் போகிறவர்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

படி 8: மலைகளுக்கு ஒரு நாள், அழகர் கோயிலுக்கு ஒரு நாள்

மலைப் பயணத்தைக் கிழக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தக்கடையில் யானைமலை. நரசிங்கத்தில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி கி.பி. 770 வாக்கில் எடுத்த குடைவரைக் கோயில் இருக்கிறது. மலைமேல் உள்ள சமணச் சிற்பங்களைப் பார்க்க ஏற வேண்டும். அங்கே சிற்பத்தின் மேல் சுண்ணாம்புப் பூச்சும் நிறமும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெறும் கல்லாக நாம் பார்த்துப் பழகிய இந்த உருவங்கள் ஒரு காலத்தில் வண்ணத்தில் இருந்தவை என்பதை அந்தத் திட்டுகள் காட்டிக்கொடுக்கும்.

மேலூர் தாண்டித் திருச்சி சாலையில் கருங்காலக்குடி. படுகைகளோடு பாறை ஓவியங்களும் இருக்கும் இடம். மங்கிப்போன கோடுகள்தான், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது. பாறையின் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்து கண் பழகிய பிறகு பாருங்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், நிறம் அதோடு கரைந்து போகும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் மத்தியச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பத்து மணிக்குள் மலை வேலையை முடித்து இறங்கிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம்.

அழகர் கோயில் மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டர். டவுன் பஸ் தாராளமாக இருக்கிறது. எல்லோரும் பதினெட்டாம்படிக் கருப்பையும் பெருமாளையும் கும்பிட்டுவிட்டுப் பழமுதிர்சோலைக்கு ஏறிவிடுவார்கள். நீங்கள் வசந்த மண்டபத்தை விசாரியுங்கள். அதன் விதானத்தில் ராமாயணக் காட்சிகள் நாயக்கர் பாணியில் நிறைந்திருக்கின்றன. மண்டபம் பூட்டியிருந்தால் கோயில் அலுவலகத்தில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள், விடுமுறை நாளில் கேட்டால் பலன் குறைவு. உள்ளே போனதும் நடுவில் நின்று சுற்றாதீர்கள். தசரதன் யாகம் செய்யும் காட்சியைத் தேடுங்கள், கதை அங்கிருந்து கிளம்பும். ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு அதோடு நடந்து, திரும்பும் இடத்தில் நீங்களும் திரும்ப வேண்டும். கண்ணாடியை இங்கே இன்னொரு தடவை எடுக்கலாம், குரங்கு பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: ருசி கண்டவர்களுக்கு இரண்டு தூரப் பயணங்கள்

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல். மதுரைக்கு வெளியே போகிறதே என்று நினைக்காதீர்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் அந்தக் குகைக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடல் மகளிர். மீனாட்சி கோயிலில் பார்த்த சிவப்புப் பின்னணியும் பட்டைகளும் இங்கே கிடையாது. கோடுகள் வளைந்து ஓடும், நிறம் மென்மையாக இருக்கும்.

இன்னொன்று ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். மதுரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். ராமாயணம், பாகவதத்தோடு தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கும் காட்சியும் உண்டு. தொப்பி போட்டவர்களைத் தேடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் ராமநாதபுரத்தைச் சொல்வேன். சுவர் நெடுக நாயக்கர் பாணியின் தொடர்ச்சியை நின்று நிதானமாகக் கண் மட்டத்தில் பார்க்கலாம், கழுத்து வலிக்காது.

படி 10: பதிவு செய்வதும் பகிர்வதும்

படம் எடுக்க அனுமதி உள்ள இடங்களில் ஒவ்வொரு சுவருக்கும் மூன்று படம் போதும். முதலில் தெருவோடு சேர்த்து, எந்த இடம் என்று தெரியும்படி. அடுத்து ஓவியம் மட்டும், நேருக்கு நேர் நின்று. கடைசியாகக் கீழ் மூலைக் கையெழுத்து. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஓவியங்களுக்குப் பிளாஷ் வேண்டாம். கட்சிச் சுவரானால் ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தனிக் கதை கிடைக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சுவரோவியத்தைக் கலைப்படைப்பாகக் குறிக்க வழி இருக்கிறது. மதுரைக்காரர்கள் நாலு பேர் அதைச் செய்தால் அடுத்து தேடுகிறவருக்கு வேலை குறையும்.

காப்புரிமையில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தியச் சட்டப்படி பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடத் தடையில்லை. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வரைந்தவர் காலமாகி 60 ஆண்டு ஆகும் வரை உரிமை இருக்கும். நாயக்கர் கால ஓவியத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் மாசி வீதியில் ஒருவர் போன வருடம் வரைந்த படத்தைக் காலண்டரிலோ டி-ஷர்ட்டிலோ போட்டு விற்க நினைத்தால் மூலையில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசி, கேட்கும் தொகையைக் கொடுத்துவிடுங்கள். சும்மா முகநூலில் போடுகிறீர்கள் என்றாலும் அந்த மூலையை வெட்டிவிட்டுப் போடாதீர்கள். அவருக்கு அடுத்த வேலை வருவது அந்த நம்பரில்தான்.